பதினைந்தரை

அந்த வீட்டில் எல்லாருக்கும் தொண்டை பெரிது. முன்பக்கம் குடித்தனம், பின்பக்கம் கோழித்தீவன மில். மில் ஓடும்போது கூடத்தில் இருப்பவர் சொல்வது அடுப்படியில் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்தித்தான் ஆக வேண்டும். கத்திக் கத்திப் பழகி, மில் நின்ற பிறகும் அந்தச் சத்தம் இறங்காது. உப்பு கேட்டால் தெருக்கோடிக்குக் கேட்கும். கணவனும் மனைவியும் கொஞ்சிக்கொள்வதைச் சண்டை என்று நினைத்து விலக்கிவிட வந்தவர்கள்கூட உண்டு.

அப்பேர்ப்பட்ட வீட்டில், ரிப்போர்ட் வந்த அன்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மில்லை நிறுத்தியிருந்தார்கள். தகரக் கூரையில் மழை மட்டும் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

மில்காரருக்கு ஊரில் 'தராசு' என்று பெயர். நிஜப் பெயரைச் சொன்னால் தபால்காரரே கொஞ்சம் யோசிப்பார். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், தவிடு, கிளிஞ்சல் என்று எதைக் கலந்தாலும் கையளவு, கண்ணளவு என்ற பேச்சே அவரிடம் கிடையாது. நிறுத்துத்தான் கொட்டுவார். முட்டைக்கோழித் தீவனத்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு புரதம் இருக்க வேண்டும் என்பது கோழிக்காரர்கள் சங்கத்தின் கட்டளை. மற்ற மில்காரர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று இருபத்திரண்டு, இருபத்துமூன்று வரும்படி அள்ளிப் போடுவார்கள். இவர் பதினெட்டுக்கு மேலே ஒரு மயிரிழை, அவ்வளவுதான். கோழிக்கு வேண்டியது கோழிக்கு, மிஞ்சினால் எச்சமாகத்தான் போகும் என்பது அவர் கட்சி.

அந்தச் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில்தான் அவருடைய தங்கை வேலை பார்த்தாள். வேதியியல் படித்தவள். முப்பது தாண்டியும் வீட்டில் அவள் 'பாப்பா'. அண்ணன் தீவனத்தின் மாதிரி வந்தால் அவள் தொடக் கூடாது என்று ஆய்வுக்கூடத்தில் ஒரு விதி இருந்தது. அதை வைக்கச் சொன்னவளே அவள்தான். அதனால் இந்த முறையும் அண்ணன் மூட்டையைச் சோதித்தவர் அவளுக்கு மேலதிகாரியான மேடம். முடிவு, பதினைந்தரை.

வாரக் கடைசியில் சங்கத்து ஆள் வந்து இன்னொரு மாதிரி எடுப்பார். அதுவும் தேறாவிட்டால் மூட்டை மேல் குத்துகிற சங்க முத்திரை போய்விடும். முத்திரை இல்லாத மூட்டையைக் கோழிக்காரர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதற்குப் பிறகு மில் இருந்தும் ஒன்றுதான், இடித்துத் தரைமட்டமாக்கினாலும் ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் முழுக்க அண்ணன் தன்னைத்தானே சோதித்தார். எடைக் கற்களை எல்லாம் துடைத்து, ஒன்றோடு ஒன்றை வைத்து நிறுத்துப் பார்த்தார். புண்ணாக்கை உடைத்து மோந்தார், வாயில் போட்டு மென்றார். கருவாட்டுத் தூளில் மணல் இருக்கிறதா என்று தண்ணீரில் கரைத்துப் பார்த்தார். எலி ஏதாவது வந்து தின்றிருக்குமோ என்று மனைவியிடம் கேட்டார்.

"எலி வந்தா மூட்டையத் தின்னும். புரதத்த மட்டுமா பொறுக்கித் தின்னும்?" என்றாள் அண்ணி. வேறொரு நாளாக இருந்தால் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்.

காலையில் டீயும் பொரித்த முட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அண்ணன் மெதுவாக வாயைத் திறந்தார்.

"பாப்பா, ஒன்னு கேக்குறேன். அந்த டெஸ்ட்டு புரதத்தத்தானே அளக்குது?"

வேலையைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் அவளுக்குத் தட்டில் இருப்பது மறந்துவிடும். "நேரா புரதத்த அளக்குறது இல்லண்ணே. நைட்ரஜன அளப்போம். இவ்வளவு புரதத்துல இவ்வளவு நைட்ரஜன் இருக்கும்னு ஒரு கணக்கு இருக்கு. அதால பெருக்கிட்டு, இந்தா புரதம்னு சொல்லிடுவோம்."

"அப்ப நைட்ரஜன் எங்கேருந்து வந்தாலும் அது புரதம்னுதான் சொல்லும்?"

"ஆமா, அதுக்கென்ன கண்ணா இருக்கு? யூரியாவக் கொட்டிக் குடுத்தாக்கூட ஆகா ஓகோன்னு சொல்லும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. டீயைக் குடித்து முடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மில் பக்கம் போனார். தம்ளரைக் கழுவுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. அதை அவள் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. ஏனென்றால் தான் சொன்ன சொல்லிலேயே அவள் மாட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கிருந்து வந்தாலும் எண்ணும், சரி. வராததை? புரதத்துக்குள்ளேயே கட்டுண்டு, வெளியே வராமல் கிடக்கிற நைட்ரஜனை? அதை எண்ணாது. தீவனத்தில் இருக்கும், ஆனால் கணக்கில் இருக்காது.

அவள் கையில் இருந்த முட்டைத்துண்டு தட்டில் விழுந்தது. மழை பிடித்ததிலிருந்தே எல்லா மில்களின் எண்ணிக்கையும் சறுக்கியிருந்தது. இருபத்திரண்டுக்காரர்கள் பத்தொன்பதுக்குள் வந்திருந்தார்கள். தீவனம் ஈரம் ஏறிவிட்டது, அதனால்தான் என்று மேடமும் அவளும் பேசி முடித்துவிட்டார்கள். எல்லாரும்தான் இறங்கியிருந்தார்கள். மற்றவர்கள் உயரத்திலிருந்து இறங்கியதால் கோட்டுக்கு மேலேயே நின்றார்கள். அண்ணன் கோட்டின் மேலேயே நிற்பவர். அவர் மட்டும் விழுந்தார்.

குடையை எடுத்தாள். பாதித் தெரு போன பிறகுதான் அதை விரிக்கவில்லை என்று தெரிந்தது.

ஆய்வுக்கூடம் சங்கக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. நீளமான ஒரே அறை, தேய்ந்த மேசைகள், ஜன்னலோரம் புகை போக்கும் அலமாரி. அதற்குள் வெப்பப் பாளத்தின் குழிகளில் நெட்டைக் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நிற்கும். தீவனத்தை ஒரு சிட்டிகை நிறுத்துக் குழாயில் போட்டு, கடும் அமிலத்தை ஊற்றிக் கொதிக்க வைப்பார்கள். முதலில் தார் மாதிரிக் கறுக்கும், நுரைக்கும், வெள்ளைப் புகை கக்கும். போகப்போகத் தெளிந்து இளம்பச்சையாகும். அந்தக் கொதியில் புரதம் உடைந்து, அதிலுள்ள நைட்ரஜன் அமிலத்தில் தங்கிவிடும். பிறகு காரம் ஊற்றி நீராவி விட்டால், அது அம்மோனியாவாகக் கிளம்பி எதிர்க்குடுவையில் போய் அடையும். அதைச் சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டு அளக்க வேண்டியதுதான்.

மேடம் ஒல்லியானவர். ஓய்வு பெற அதிக காலம் இல்லை. நடந்தால் செருப்புச் சத்தம் ஆள் வருவதற்கு முன்னால் வந்து நிற்கும். நனைந்த கோழி மாதிரி வந்து நின்றவளைப் பார்த்து, முதலில் தலையைத் துவட்டச் சொன்னார். அவள் துவட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். மேடத்தின் முகம் இறுகியது.

"உங்கண்ணன் தீவனம் தேறலைங்கறதுக்காக என் கையில தப்புங்கறியா?"

"உங்க கை மட்டும் இல்ல மேடம், என் கையும்தான். மழை ஆரம்பிச்சதுலேருந்து போட்ட அத்தனை டெஸ்ட்டும்."

மேடம் நிமிர்ந்து குழல்விளக்கைப் பார்த்தார். மழையால் மின்சாரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குழல்விளக்கு மங்குவதும் பிரகாசிப்பதுமாக இருந்தது. புகை இழுக்கும் விசிறி பாதி நேரம் சுற்றாது. அந்த நெடி தாங்க முடியாமல், குழாய் தெளிந்த உடனே இறக்கிவிடுவது மழை பிடித்ததிலிருந்தே இருவருக்கும் பழக்கமாகியிருந்தது. தெளிந்துவிட்டதே, அப்புறம் என்ன என்ற நினைப்பு.

"தெளிஞ்சா முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்லைன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க" என்றார் மேடம். குரல் மாறியிருந்தது. "நானே அத எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். சூடு பத்தலைன்னா தெளியும், ஆனா உள்ள முழுசா உடையாது. இரு, இரு. நாம ஊகத்துல பேச வேண்டாம். எங்க ஒழுகுதுன்னு பிடிச்சிருவோம்."

செருப்புச் சத்தம் அறை முழுக்க ஓட ஆரம்பித்தது. இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒருவர் ஆரம்பித்த வாக்கியத்தை இன்னொருவர் முடித்தார். தப்பு இரண்டு இடத்தில் இருக்கலாம். கொதிக்கும்போது நைட்ரஜன் வெளியே வராமல் போகலாம், அல்லது வந்தது நீராவியில் போகும் வழியில் ரப்பர் மூடியிலோ குழாய் இணைப்பிலோ கசிந்து போகலாம். கசிவைக் கண்டுபிடிக்க அம்மோனியா உப்பு போதும். அதில் நைட்ரஜன் தயாராக உட்கார்ந்திருக்கிறது, உடைக்கவே வேண்டாம்; நேரே நீராவியில் போட்டு, போட்டது அத்தனையும் திரும்பி வருகிறதா என்று பார்த்தால் ஆயிற்று. கொதியில் குறையா என்று பார்க்க, சுத்தமான அமினோ அமிலம் ஒன்று அலமாரியில் புட்டியோடு இருந்தது. எவ்வளவு நைட்ரஜன் என்று அதற்குத் திட்டமான கணக்கு உண்டு. ஆனால் உடைத்தால்தான் வெளியே வரும்.

உப்பை முதலில் போட்டார்கள். அம்மோனியா ஏற ஏற எதிர்க்குடுவைத் திரவம் பச்சையாகியது. மேடம் சொட்டு விட, அவள் குடுவையைச் சுழற்றினாள். பச்சை மங்கி, சாம்பலாகி, ஒரே சொட்டில் இளஞ்சிவப்பானது. கணக்குப் போட்டாள். நூற்றுக்கு நூறு. ஒரு பொட்டுகூடக் கசியவில்லை.

"அப்ப கொதிதான்" என்றார் மேடம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். ஆள் பத்து வயது இறங்கிவிட்டார்.

அமினோ அமிலத்தைக் குழாய்களில் போட்டார்கள். அண்ணன் தீவனத்தில் சோதித்தது போக மிச்சம் புட்டியில் இருந்தது. அதையும் மேடமே நிறுத்து, வேறு குழாய்களில் போட்டார். பாதிக் குழாய்களை வழக்கம்போலத் தெளிந்ததும் இறக்குவது, பாதியை நல்ல சூட்டில் அதற்கு மேலும் ஒரு மணி நேரம் விடுவது என்று முடிவு செய்தார்கள். மின்சாரம் ஒழுங்காக வர வேண்டும் என்று, கீழே தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டியின் ஸ்டெபிலைசரை மேடம் கெஞ்சிக் கூத்தாடி மாடிக்குக் கொண்டுவந்தார். விசிறி ஓடவில்லை. ஜன்னல்களைத் திறந்து போட்டார்கள். சாரல் உள்ளே அடித்தது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, குழாய்கள் கறுப்பதையும் நுரைப்பதையும் தெளிவதையும் பார்த்துக்கொண்டு இருவரும் நின்றார்கள். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே பகிர்ந்து தின்றார்கள். அவள் கொண்டுவர மறந்திருந்தாள். மேடம் தன் டப்பாவிலிருந்த சோற்றை நடுவில் கோடு கிழித்துப் பாதி கொடுத்தார்.

தெளிந்ததும் இறக்கிய குழாய் முதலில் வந்தது. அமினோ அமிலம் நூற்றுக்கு எண்பத்தைந்துதான் காட்டியது. மேடம் அவள் தோளைப் பிடித்து அழுத்தினார். கூடுதலாகக் கொதித்த குழாய் அடுத்தது. சொட்டு, சொட்டு, சொட்டு. நிறம் மாற வேண்டிய இடம் வந்தது. மாறவில்லை. இன்னும் பச்சை. அவள் விடாமல் சுழற்றினாள். இன்னும் சில சொட்டு விழுந்த பிறகுதான் சிவந்தது. தொண்ணூற்றொன்பது.

"அடி என் கண்ணு" என்றார் மேடம். அவ்வளவு காலத்தில் அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

கடைசியாக, கூடுதலாகக் கொதித்த அண்ணன் தீவனம். அதை அவள் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மேடமே சுழற்றி, மேடமே சொட்டு விட்டு, மேடமே கணக்குப் போட்டார். பதினெட்டேகால்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது. அண்ணி. பின்னால் மில் ஓடுகிற இரைச்சல். அண்ணன் எழுந்து வேலையை ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது, நல்ல செய்தியைச் சொல்லலாம் என்று அவள் வாயெடுப்பதற்குள் அண்ணி கத்தினாள்.

"பாப்பா, வயலுக்குப் போடுற யூரியாவத் தீவனத்துல எதுக்குக் கலப்பாங்க?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"தாது உப்புன்னு சொல்றாரு. மூட்டையில போட்டிருக்கறத நான் படிச்சிட்டேன். ஏன்னு கேட்டா மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறாரு. மத்தியானம் வாய்க்காலுக்கு அந்தாண்ட இருக்குற கோழிக்காரம்மாவுக்கு ஒரு லோடுகூட அனுப்பிட்டாரு."

அவள் போனை வைத்துவிட்டு ஓடினாள். என்ன என்று மேடம் கேட்டதற்கு, வந்து சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாள். மழையில் ஓடும்போது காலையில் தான் சிரித்த சிரிப்பு அவளுக்கே கேட்டது. யூரியாவில் நைட்ரஜன் நிறைய. அதை உடைக்கப் பாடுபடவும் வேண்டாம், அரைகுறைக் கொதியிலேயே வந்துவிடும். சங்கத்து ஆள் வந்து மாதிரி எடுத்திருந்தால் அண்ணன் தேறியிருப்பார். கொடி கட்டித் தேறியிருப்பார்.

மில்லுக்குள் நுழைந்து நேரே போய் சுவிட்சை அணைத்தாள். கலவை உருளை முனகிக்கொண்டு நின்றது. தூசு மெல்ல இறங்கியது. அண்ணன் கையில் அகப்பையோடு நின்றார். புருவத்தில், மீசையில் எல்லாம் மாவு.

"உன் மிஷினுக்கு நைட்ரஜன்தானே வேணும். குடுக்குறேன்" என்றார். குரலில் கோபம் இருந்தது, ஆனால் கண் தரையைப் பார்த்தது. "சரியாக் கலந்தவன் தோத்தான். மாட்டுத் தீவனத்துல போடுறாங்கள்ல? ஒன்னும் ஆயிடாது."

"மாட்டுக்கு அத மாத்திக்கிற வயிறு இருக்குண்ணே. கோழிக்கு இல்ல. கொஞ்சம் போனா வீண், கூடப் போனா விஷம்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "உன் தீவனம் பதினெட்டேகால். நீ தப்பே பண்ணல. நாங்கதான் சரியா வேக வைக்காம எண்ணிட்டோம். இப்பத்தான் மேடம் திரும்பப் போட்டாங்க. பதினெட்டேகால்."

அண்ணன் அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்தார். அகப்பையில் இருந்தது காலடியில் கொட்டியது.

"நேத்து ராத்திரி வரைக்கும் நான் தப்பு பண்ணலையா?" என்றார்.

"பண்ணல."

"இன்னிக்குக் காலையிலதான் பண்ணியிருக்கேன்."

வாசலில் நின்ற அண்ணி முன்னே வந்து, முந்தானையால் அவர் முகத்து மாவைத் துடைத்தாள். துடைத்த துடைப்பில் பாதி திட்டும் இருந்தது. அப்புறம் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"அந்தம்மா சாயங்காலம்தான் தீனி வைக்கும். ஓடுங்க ரெண்டு பேரும்."

வாய்க்கால் பாலத்தில் தண்ணீர் ஏறியிருந்தது. வண்டி இரண்டு பக்கமும் இறக்கை விரித்தாற்போலத் தண்ணீரைச் சிதறிக்கொண்டு போனது. அவள் அண்ணன் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். சின்னப் பிள்ளையில் இப்படிப் பின்னால் உட்கார்ந்து போனால் வேகமாகப் போ என்று கத்துவாள். இன்றும் அதைத்தான் கத்தினாள்.

கோழிக்காரம்மாவுக்கு மூன்று கொட்டகை. தனி ஆளாக நின்று அத்தனையும் பார்ப்பவர். அவர்கள் போய் இறங்கியபோது முதல் கொட்டகையில் தீனித் தொட்டி நெடுகக் கொட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். கோழிகள் கழுத்தை நீட்டி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கத்தின. சொன்னால் கேட்காத இரைச்சல். ஆனால் அண்ணனுக்குத் தொண்டை இருந்தது.

"அக்கா, போடாதீங்க. அதுல நான் யூரியா கலந்திருக்கேன்."

அந்தம்மா வாளியோடு திரும்பினார். "தவறி விழுந்துருச்சா?"

"இல்லக்கா. தெரிஞ்சுதான் கலந்தேன்."

தங்கை குறுக்கே வந்து, டெஸ்ட்டில்தான் முதல் தப்பு, ஆய்வுக்கூடத்தில்தான் என்று ஆரம்பித்தாள். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "அத அப்புறம் சொல்லிக்கலாம் பாப்பா. மொதல்ல அள்ளு."

இருவரும் குனிந்து இரண்டு கையாலும் தொட்டியிலிருந்து அள்ளினார்கள். கோழிகளுக்குக் கோபம். கையைக் கொத்தின, மணிக்கட்டைக் கொத்தின. அண்ணன் கை முழுக்க ரத்தப் புள்ளிகள். கொட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தொட்டிகளில் முக்கால்வாசி அப்படியே கிடைத்தது. கோழிக்காரம்மா அதுவரை நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. பிறகு தங்கையைப் பார்த்துக் கேட்டார்.

"நீதான டெஸ்ட் பண்ற பொண்ணு? இத உங்கிட்டக் குடுத்திருந்தா என்ன சொல்லியிருப்ப?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ரொம்ப நல்ல தீவனம்னு சொல்லியிருப்பேன்."

"அப்ப நீங்க வரலைன்னா, என் கோழி சாஞ்சு விழுற வரைக்கும் எனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டீங்க."

அந்தம்மா உள்ளே போனார். துரத்தப் போகிறார், விளக்குமாறு வரப்போகிறது என்று தங்கை நினைத்தாள். வந்தது இன்னொரு கூடை. அந்தம்மாவும் குனிந்து அள்ள ஆரம்பித்தார். மூன்று கொட்டகைக்கும் தண்ணீர் மாற்றி, பழைய மூட்டையில் கிடந்த தீனியைப் போட்டு, தின்ற கோழிகள் ஒன்றும் தள்ளாடவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் அண்ணன் கிளம்பினார்.

பாலத்துக்கு வந்ததும் வண்டியை நிறுத்தினார். இதை மேடத்திடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். சங்கத்து ஆளிடம் இன்னும் மாதிரி கொடுக்கவில்லை, சட்டப்படி ஒன்றும் நடக்கவில்லை, மூட்டைகளையும் ஒதுக்கி வைத்தாயிற்று என்று அவள் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே அது சரியாகப் படவில்லை.

"நான் கண்டுபிடிச்சத இன்னொருத்தன் கண்டுபிடிக்க மாட்டானா?" என்றார் அண்ணன்.

மறுநாள் காலை ஆய்வுக்கூடம் திறக்கும்போது அண்ணன் வாசலில் நின்றார், தோளில் யூரியா கலந்த மூட்டையோடு. அதை மேடத்தின் மேசைக்குப் பக்கத்தில் இறக்கினார். தான் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். முத்திரை போய்விடும் என்று தெரியும், ஆனாலும் இது எவ்வளவு காட்டும் என்று தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார்.

மேடம் ஒரு வார்த்தை திட்டவில்லை. நிறுத்தார், போட்டார், கொதிக்க வைத்தார், தெளிந்த பிறகும் விட்டார். இருபத்துநான்கு வந்தது. மழை பிடித்ததிலிருந்து அந்த மேசைக்கு வந்த தீவனங்களில் அதுவே பெரிய எண். மூன்று பேரும் அந்த எண்ணை, வீட்டுக்குள் நுழைந்துவிட்ட பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

பிறகு மேடம் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய புட்டியை இறக்கினார். யூரியா இருந்தால் மஞ்சளாக்குகிற மருந்து. மாட்டுத் தீவனத்துக்காக எப்போதோ வாங்கி வைத்தது. கோழித்தீவனத்துக்கு யாரும் கேட்டதில்லை. நல்ல தீவனத்தைக் கரைத்து வடித்த தண்ணீரில் விட்டார். லேசான வைக்கோல் நிறம், அவ்வளவுதான். கலந்த தீவனத்தின் தண்ணீரில் விட்டார். பளிச்சென்று மஞ்சள் பூத்தது.

"இத்தனை சுலபமா?" என்றார் அண்ணன்.

"சுலபந்தான். கேக்கணும்னு தோணணும்" என்றார் மேடம்.

சங்கத்துக் கூட்டத்தில் அண்ணனும் மேடமும் அடுத்தடுத்து எழுந்து நின்றார்கள். இந்த மழைக்காலத்தில் தான் கையெழுத்துப் போட்ட எல்லா ரிப்போர்ட்டையும் திரும்ப வாங்கிக்கொள்வதாக மேடம் சொன்னார். அண்ணன் தன் கதையைச் சொன்னார். கூடம் கொதித்தது. முத்திரையைப் பிடுங்கு என்று மற்ற மில்காரர்களில் சிலர் கத்தினார்கள். கோழிக்காரம்மா எழுந்த பிறகுதான் அடங்கியது. அந்தம்மா அண்ணனுக்குப் பரிந்து ஒன்றும் பேசவில்லை. மஞ்சள் சோதனையை எல்லா மில் மூட்டைக்கும் போட வேண்டும், அதுவரை எவனையும் நம்புவதாக இல்லை என்றார். அதிகமாகக் கத்திய ஒரு மில்காரர் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் முத்திரையை நிறுத்தி வைப்பது, புதிதாகக் கலந்த தீவனம் இரண்டு சோதனையிலும் தேறினால் திருப்பிக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

அந்தச் சோதனை நடந்த அன்று கோழிக்காரம்மா குடையோடு மாடியேறி வந்து, முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, குழாய்களுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். யாரும் அவரை அழைக்கவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. கறுக்கும்போது ஏன் கறுக்கிறது என்று கேட்டார், நுரைக்கும்போது ஏன் நுரைக்கிறது என்று கேட்டார். தங்கை ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கு உற்சாகம் ஏறியது. அந்தம்மா முன்னால் குனிந்து குனிந்து கேட்டார். சுவரோரம் நின்ற அண்ணன் மட்டும் குழாய் பக்கமே திரும்பவில்லை.

மேடம் சொட்டு விட்டார். பச்சை மங்கியது, சாம்பலானது, சிவந்தது. மேடம் கணக்குப் போட்டு, நிமிர்ந்து, பதினெட்டும் ஒரு மயிரிழையும் என்று அறிவித்தார்.

கோழிக்காரம்மா அந்த எண்ணைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "மஞ்ச?" என்றார்.

தங்கை மஞ்சள் மருந்து விட்ட குழாயை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். லேசான வைக்கோல் நிறம்தான். அந்தம்மா எழுந்து வந்து, அதை அவள் கையிலிருந்து வாங்கி, ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோழியின் கண்ணிமையை விலக்கிப் பார்க்கிற பார்வை. குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

"தீவன வண்டியக் கொண்டா தம்பி. கோழிக்குப் பசி வந்துரும்."

அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். அந்தம்மா பாதிப் படி இறங்கிய பிறகுதான் அவருக்கு அது விளங்கியது. அப்புறம் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி ஓடினார்.